நிரம்பித் திரும்பிய கிண்ணம்

எங்கள் சபையில் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேசுவதில்லை. ஜெபம் மட்டும்தான் செய்வோம். ஒருவருக்காக ஜெபிக்க வேண்டுமென்றால் அவருடைய சங்கதி தெரிய வேண்டாமா? ஆகவே முதலில் முக்கால் மணி நேரம் சங்கதியைத் தெரிந்துகொள்வோம். பிறகு ஐந்து நிமிடம் ஜெபிப்போம். புதன்கிழமை மூன்று மணிக்குக் கூடுகிற பெண்கள் ஐக்கியத்தில் இருபது வருடமாக இதுதான் ஒழுங்கு. அந்த இருபது வருடமும் நானும் அங்கே ஒரு நாற்காலியைத் தேய்த்தவள்தான். அதனால் நான் வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கூட்டத்தை நடத்துகிற அம்மாவுக்குக் குறிப்பம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. ஜெபக்குறிப்பு எழுதுகிற நோட்டு ஒன்று அவர் கையில் எப்போதும் இருக்கும். நீல அட்டை. பிதுங்கி வழிவதால் மேலே ஒரு ரப்பர் வளையம். சுற்றியுள்ள நான்கு தெருவில் அந்த நோட்டில் ஏறாமல் யாருக்கும் காய்ச்சல் வந்ததில்லை, யார் வீட்டிலும் சட்டி உடைந்ததில்லை. "நான் யாரையும் குறை சொல்லலம்மா, ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்தால், நாங்கள் எல்லோரும் நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வோம். போதகர் பிரசங்கம் செய்யும்போது நாங்கள் அப்படி ஒரு நாளும் இழுத்துப் போட்டதில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், அடுப்பு மூட்டுவார், அழுகிற பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுவார். என்ன, திரும்பும்போது வெறுங்கையோடு திரும்பமாட்டார். அந்த வீட்டுச் சேதி ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டுதான் வருவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய கதை அல்ல. ரொட்டிக்காரம்மாவின் கதை. என்னைவிடப் பத்து வயது இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

சபைக் கட்டடத்தின் பின்புறம் சபைக்குச் சொந்தமான நீள அறை ஒன்று உண்டு. உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த இடம். பதினைந்து வருடத்துக்கு முன் ரொட்டிக்காரம்மாவின் கணவர் அதைக் கேட்டு வாங்கி, கடைசிச் சுவரை ஒட்டிச் செங்கல்லாலும் களிமண்ணாலும் தன் கையாலேயே ஓர் அடுப்பு கட்டினார். அடுப்புக்கு வாய் சின்னது, வயிறு பெரியது. ஒரு தடவைக்கு எண்பது ரொட்டி உள்ளே போகும். அந்த அறையை யாருக்கு விடுவது என்று சபைக் குழு வருடா வருடம் கூடித் தீர்மானம் எழுதும். யோசிக்காமலே எழுதிக்கொண்டிருந்த தீர்மானம் அது. அடுப்போ சுவரோடு சுவராக நிற்கிறது. அறையை விட்டுப் போ என்று சொன்னால் தலையில் தூக்கிக்கொண்டு போகிற சாமான் இல்லை.

கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகு அவளே அடுப்பை எடுத்து நடத்தினாள். துணைக்கு அவளுடைய நாத்தனார். நாத்தனாரும் அண்ணியும் அடித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கேயாவது சட்டம் இருந்தால், இவர்களுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. அண்ணி மாவைப் பிசைந்து அடிப்பாள். நாத்தனார் உருட்டித் தகர அச்சில் போடுவாள். அண்ணி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவள் மிச்சம் வைத்ததையெல்லாம் நாத்தனார் பேசித் தீர்ப்பாள். ரொட்டிக்காரம்மாவின் இரண்டு முன்கையிலும் அடுப்பு வாய் சுட்ட தழும்புகள் கோடு கோடாக ஓடும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து மேசையில் வைக்கிற அப்பமும் அந்தக் கையால் சுட்டதுதான். "மத்த நாள்ல அண்ணி பத்து வார்த்தை. அந்த அப்பத்துக்கு மாவு பிசையுறப்ப அதுவும் கிடையாது. நான் தும்மினாக்கூட முறைப்பாங்க" என்பாள் நாத்தனார்.

கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயரமான மனிதர். விடிகிற நேரத்தில் ரொட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடப்பார். கண் இரண்டும் சிவந்திருக்கும். கால் ஒன்றோடொன்று பின்னும். பக்கத்தில் போனால் புளித்த வாடை ஒன்று வரும். எங்களுக்கு அது போதாதா? 'ஓர் ஆத்துமா குடியில் அழிந்துகொண்டிருக்கிறது' என்று குறிப்பம்மா நோட்டில் எழுதினார். நாங்கள் ஆறு வருடம் அவருக்காக முழங்காலில் நின்றோம். பிறகு மஞ்சள் காமாலை வந்து அவர் போய்விட்டபோது, "ஈரல்தான், வேறென்ன" என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டோம். ஜெபம் கேட்கப்படவில்லையே என்று ஒரு வருத்தம். நாம் நினைத்தது சரியாகப் போயிற்றே என்று ஒரு திருப்தி. இரண்டாவதுதான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

இந்த வருடம் அவருடைய நினைவு நாளன்று நான் ரொட்டி வாங்கப் போனேன். நாத்தனார் இல்லை. ரொட்டிக்காரம்மா தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றும் நாட்களில் ஆண்டவர் என் நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டிவைத்தால் நன்றாக இருக்கும்.

"நாலு வருஷம் ஓடிப்போச்சுல்ல" என்றேன்.

"ஆமாக்கா."

"வருத்தப்படாதம்மா. ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிருப்பார். அவரோட குடிக்காக நாங்க எத்தனை புதன்கிழமை முழங்கால் போட்டிருக்கோம் தெரியுமா?"

மாவுக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

"யாரோட குடிக்காக?"

"உங்க வீட்டுக்காரரோட..."

"அவர் ஒரு நாளும் குடிச்சதில்லையேக்கா. யார் சொன்னா?"

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். "குறிப்பம்மா நோட்டுலயே எழுதியிருக்காங்களே" என்றேன், ஏதோ வேதத்திலேயே எழுதியிருப்பதுபோல.

அவள் கையை மாவிலிருந்து உருவி, விரல் விரலாகத் துடைத்தாள். ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். ஓர் உள்ளத்தைத் தேற்றிவிட்ட நிறைவோடு நான் வீட்டுக்கு வந்து அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன்.

இனி கிண்ணத்துக்கு வருகிறேன். சபையில் என் வேலை திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது. கட்டைவிரல் உயரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள். தட்டில் வரிசையாக வரும். அவரவர் ஒன்றை எடுத்துத் திராட்சரசத்தைக் குடித்துவிட்டு, முன் பெஞ்சின் முதுகில் இருக்கும் மரச்சட்டத்தின் துளையில் செருகிவிடுவார்கள். ஆராதனை முடிந்ததும் நான் கூடையோடு போய் எடுத்துக் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்குவேன். எங்கள் ஆட்கள் பரலோகத்தில் இடம் மாறி உட்கார்ந்தாலும் உட்காருவார்களே தவிர, பெஞ்சில் மாறி உட்காரமாட்டார்கள். எந்தக் கிண்ணத்தில் யார் வாய் வைத்தார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஒன்றில் உதட்டுச்சாயம் இருக்கும், ஒன்றில் மூக்குப்பொடி இருக்கும். எல்லாவற்றையும் தண்ணீரோடு தண்ணீராகக் கழுவி ஊற்றிவிடுவேன். இத்தனை வருடம் நான் ஒழுங்காகச் செய்த ஒரே ஊழியம் அதுதான்.

அந்த மாதம் நாலாவது பெஞ்சில் ஜன்னல் ஓரத்துக் கிண்ணம் நிரம்பியே இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு அப்பம், கடிக்காமல். ரொட்டிக்காரம்மாவின் இடம். மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் அப்படியே. கிண்ணத்தை எடுக்கிறாள், தலைகுனிந்து கையில் வைத்திருக்கிறாள், பிறகு ஒரு சொட்டுக் குறையாமல் துளையில் வைத்துவிடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. கழுவுகிறவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆண்டவரும் அவளும் நானும் மட்டும் அறிந்த காரியம். மூன்று பேரில் இரண்டு பேர் வாய் திறக்கவில்லை.

திருவிருந்தைத் தொடாமல் விடுகிறவரிடம் மறைவான பாவம் இருக்கிறது என்பது எங்கள் சபையின் எழுதாத நம்பிக்கை. தொடுகிற எங்களிடம் இல்லை என்பது அதன் மறுபாதி. மூன்றாவது மாதமும் கிண்ணம் நிரம்பித் திரும்பியபோது புதன்கிழமைவரை பொறுத்ததே எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

"நான் யாரையும் குறை சொல்லல" என்று தொடங்கினேன். குறிப்பம்மாவின் வரி என் வாய்க்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. "மூணு மாசமா ஒரு கிண்ணம் நிரம்பியே திரும்பி வருது."

"எந்த பெஞ்சு?" என்றார் குறிப்பம்மா.

"நாலாவது. ஜன்னல் ஓரம்."

நோட்டின் ரப்பர் வளையம் பட்டென்று கழன்றது.

"ரொட்டிக்காரம்மாவா!" என்றார் மருந்துக்கடைக்கார அம்மா. "அப்பம் சாப்பிட்டாளா?"

"அதையும் தொடல."

"சுட்டவளே சாப்பிடலையா?" தையல்கார அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப அதுல என்ன கலந்திருக்கோ! போன மாசம் நான் ரெண்டு துண்டு எடுத்துட்டேனே. அன்னிக்கே வயிறு ஒரு மாதிரி இருந்துச்சு."

"நீ ஏன் ரெண்டு துண்டு எடுத்தே?"

"சின்னதா இருந்துச்சு."

குறிப்பம்மா பென்சில் முனையை நாக்கில் தொட்டார். "அப்பத்தை விடுங்க. அது சாக்கு. விஷயம் கிண்ணத்துல இருக்கு. ஒருத்தி கிண்ணத்தைக் கண்டு ஏன் பயப்படணும்? யோசிங்க."

யோசித்தோம். ஒன்றும் வரவில்லை.

"நாக்குல ஒரு சொட்டுப் பட்டா நிறுத்த முடியாது. அந்தப் பயம்தான். புருஷன் விட்ட இடத்துல இவ பிடிச்சிருக்கா."

"ஐயோ, ஆண்டவரே!"

"ஜெபத்துக்காகத்தான் சொல்றேன். பக்கத்துல நின்னு பாருங்க. அந்த மனுஷன் மேல வந்த அதே வாடை."

எல்லோரும் மூக்கால் யோசித்தோம். ஆமாம், அதே வாடைதான்.

"கண்ணும் செவந்துதான் இருக்கு" என்றார் ஒருவர்.

"யார்கிட்டயும் பேசவும் மாட்டா" என்றார் மருந்துக்கடைக்கார அம்மா. "பேசினா வாய் காட்டிக்கொடுத்துடும்ல!"

வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு குற்றத்துக்குச் சாட்சி ஆகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவளுக்காக அழுது ஜெபித்தோம். அழுகை உண்மையானது. அதுதான் கொடுமை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்து நாளில் அந்தச் சேதிக்குக் கை கால் முளைத்து, நாங்கள் போகாத தெருவுக்கெல்லாம் போய்வந்தது. மருந்துக்கடையில் அவள் தீப்புண்ணுக்குக் களிம்பு வாங்கினாள். அது 'தாளில் சுற்றி எதையோ வாங்கிக்கொண்டு போனாள்' என்று ஆயிற்று. கடைக்கு வந்தவர்கள் ரொட்டியை முகர்ந்து பார்ப்பதை விட்டு அவளை முகர்ந்து பார்த்தார்கள். மருத்துவமனை உணவகத்துக்குத் தினமும் போய்க்கொண்டிருந்த நாற்பது ரொட்டி ஒரு திங்கட்கிழமை நின்றுபோனது. உணவகத்துக்காரர் எங்கள் சபை ஆள்தான். "எங்களுக்கும் ஒரு பேர் இருக்கு பாருங்க" என்றாராம். திருப்பி அனுப்பிய கூடையைச் சுமந்துகொண்டு வந்த நாத்தனார் வழியெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்: "ரொட்டி வேணுமா ரொட்டி! தின்னா போதை ஏறும்! ஒண்ணு தின்னா பாட்டு வரும், ரெண்டு தின்னா ஆட்டம் வரும்!" இரண்டு வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. ஒரு வீட்டில் மட்டும் நிஜமாகவே இரண்டு கேட்டு வாங்கினார்கள்.

ரொட்டிக்காரம்மா அந்த நாட்களில் மூன்று தடவை குறிப்பம்மா வீட்டு வாசல்வரை வந்து நின்றாள். மூன்று தடவையும் உள்ளே நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி என்று சொல்லத் தேவையில்லை. அவள் திரும்பிப் போய்விட்டாள். அதுவும் நோட்டில் ஏறியது: 'வாசல்வரை தள்ளாடி வருகிறாள், உள்ளே வர மனச்சாட்சி விடவில்லை.'

அறைத் தீர்மானம் எழுதுகிற நாள் அதற்குள் வந்துவிட்டது. இந்த வருடம் அறையை இன்னொருவரும் கேட்டிருந்தார். ஜெராக்ஸ் கடை வைக்க, சபைச் செயலாளரின் மருமகன். அதற்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை என்று செயலாளரே வலியப் போய் மூன்று பேரிடம் சொன்னார். குடிக்கிறவள் கையால் சுட்ட அப்பத்தை மேசையில் வைக்கலாமா, குடிக்கிறவளுக்குச் சபை அறையைக் கொடுக்கலாமா என்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரிப்பதாக ஏற்பாடு. நோட்டோடு வரச் சொல்லிக் குறிப்பம்மாவுக்கு அழைப்பு. கிண்ணத்துக்குச் சாட்சியாக எனக்கும் அழைப்பு.

போதகர் அறையில் ஒரு மேசை. ஒரு பக்கம் போதகர், செயலாளர், வாயே திறக்காத குழு உறுப்பினர் இரண்டு பேர். சுவரோரம் நானும் குறிப்பம்மாவும். ரொட்டிக்காரம்மா முழங்கையில் மாவோடு வந்து நின்றாள். நாத்தனார் வாசலுக்கு வெளியே நின்றாள், இடுப்பில் ஈரத்துணி மூடிய ஒரு தொட்டியோடு. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உட்காருங்கம்மா. ஒண்ணுமில்ல, சின்ன விளக்கம்தான். மூணு மாசமா நீங்க திருவிருந்துல பங்கெடுக்கலைன்னு தெரியவந்திருக்கு. சரிதானா?"

"சரிதான்யா."

அவள் இல்லை என்பாள், பிறகு என்னைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அது குழம்பிப் போனது.

"காரணம்?"

"எனக்கு ஒருத்தர் மேல கோபம் இருக்குய்யா. ஜெபம் பண்ணிப் பார்த்துட்டேன், தீர மாட்டேங்குது. அதை மனசுல வச்சுக்கிட்டு எப்படிக் குடிக்கிறது? முதல்ல போய்ச் சமாதானம் ஆயிட்டு வான்னுதானே ஆண்டவர் சொல்லியிருக்காரு?"

 அங்கே இருந்த மற்ற எல்லோரும் மாதா மாதம் கிண்ணத்தைக் காலி செய்தவர்கள். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்ற சண்டையில் போதகரும் செயலாளரும் இரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். அந்த இரண்டு வருடமும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக் குடித்தார்கள். நானே கழுவியிருக்கிறேன்.

"யார் மேலம்மா கோபம்?" என்றார் போதகர், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"அதை அவங்ககிட்டத்தான்யா சொல்லணும். நாலு பேர் நடுவுல வேண்டாம்."

குறிப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பசித்தவர் மூக்கில் தாளிப்பு ஏறியதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சும்மா சொல்லும்மா. நாங்க என்ன வெளியிலயா சொல்லப்போறோம்? ஜெபத்துக்காகத்தானே கேக்குறோம்!" பென்சில் நோட்டின்மேல் தயாராக நின்றது.

ரொட்டிக்காரம்மா அவரை நேராகப் பார்த்தாள். "அப்ப எழுதிக்குங்கக்கா. உங்க மேலதான்."

பழக்கதோஷத்தில் பென்சில் இரண்டு எழுத்து எழுதிவிட்டுத்தான் நின்றது.

"என் மேலயா? நான் என்ன பண்ணேன்? உன் வீட்டுக்காரருக்காக ஆறு வருஷம் அழுது ஜெபிச்சவ நான்!"

"அதுக்குத்தான்க்கா கோபம். அவர் குடிச்சதே இல்ல."

"இல்லையா? அப்ப எங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா? தினமும் அந்த வாடை..."

"அந்த வாடையைத்தான் கொண்டுவந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் உள்ளே வந்தாள். யார் அனுமதியும் கேட்கவில்லை. தொட்டியைச் செயலாளரின் தீர்மானப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இறக்கி, ஈரத்துணியை எடுத்தாள். உள்ளே மாவு பொங்கி, கொப்புளம் கொப்புளமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. "குனிஞ்சு பாருங்கய்யா. இன்னும் கிட்ட. கடிக்காது."

செயலாளர் குனிந்தார். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "என்னம்மா இது, சாராயக்கடை மாதிரியில்ல இருக்கு!"

"நேத்து சாயந்தரம் போட்ட மாவுய்யா. ஈஸ்ட் பொங்கினா இந்த வாடைதான். இதுக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டுப் பிசைஞ்சவர் மேல ரோஜாப்பூ வாடையா வரும்? கண்ணு செவந்தது அடுப்புப் புகையில. கால் பின்னினது தூக்கம் இல்லாம. காலையில நீங்க திங்குற ரொட்டிக்காக எங்க அண்ணன் தூங்காம நின்னாரு." அவள் குறிப்பம்மா பக்கம் திரும்பினாள். "புதன்கிழமை டீயில எந்த ரொட்டியை முக்கித் தின்னுட்டு அவருக்காக அழுதீங்க? இந்த ரொட்டிதானே?"

அது உண்மை. கூட்டத்துக்கு ரொட்டி அங்கிருந்துதான் வரும். நான்தான் வாங்கிக்கொண்டு வருவேன்.

"நீ வாயை மூடு" என்றாள் அண்ணி.

"மூடிட்டேன் அண்ணி. மாவை மட்டும் திறந்து வைக்கிறேன்."

குறிப்பம்மாவின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நீங்க கேக்கலையேக்கா" என்றாள் ரொட்டிக்காரம்மா. குரல் உயரவே இல்லை. "ஆறு வருஷம் ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கீங்க. ஒரு தரம் எங்க கதவைத் தட்டியிருந்தா போதும். அடுத்த தெருதானே. நான் மூணு தரம் உங்க வாசலுக்கு வந்தேன். தட்ட முடியல, உள்ள என் பேர்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு." பிறகு செயலாளரைப் பார்த்தாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அவர் போயிட்டாருய்யா. அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்த அடுப்பு ஒண்ணுதான். அறை உங்களோடது, வேணும்னா எடுத்துக்குங்க. ஆனா குடிகாரன் கட்டின அடுப்புன்னு சொல்லி எடுக்காதீங்க. அதை என்னால தாங்க முடியாது."

 தொட்டியில் மாவு விளிம்பைத் தாண்டி, அவசரமே இல்லாமல், தீர்மானப் புத்தகத்தின் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. செயலாளர் அதைப் பார்த்தும் நகர்த்தவில்லை.

போதகர்தான் கடைசியில் பேசினார். "அறை அவங்களுக்குத்தான். எழுதுங்க."

செயலாளர் எழுதினார். அந்த வரிகளைப் பிறகு நான் பார்த்தேன்: 'மாவின் வாடை குறித்து விளக்கம் பெறப்பட்டது. திருப்தியாக உள்ளது. அறை வழக்கம்போல் தொடரும்.' செத்துப்போன ஒரு மனிதரின் பெயரில் பத்து வருடமாகச் சேறு பூசிவிட்டு, மாவைப் பற்றி விளக்கம் பெற்றுக்கொண்டோம். மன்னிப்பு என்ற சொல்லை அந்தப் புத்தகம் இதுவரை கண்டதில்லை போலும். குறிப்பம்மா தலைவலி என்று சொல்லி எழுந்து போனார். குழு உறுப்பினர் ஒருவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். அடுத்த வாரத்திலிருந்து தன் வீட்டுக்கு இரண்டு ரொட்டி சேர்த்துப் போடச் சொன்னார்.

அன்று மத்தியானம் நான் ரொட்டி அறைக்குப் போனேன். 

"கிண்ணத்தைப் பத்தி வெளியில சொன்னது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்க்கா. கழுவுறது நீங்க ஒருத்தர்தானே."

நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கம்மா. உன்கிட்ட அன்னிக்கு வந்து ஆறுதல் சொன்னேன் பாரு, அதுக்கும்."

ரொட்டிக்காரம்மா அச்சுகளுக்கு எண்ணெய் தடவி முடித்தாள். "கோபம் இல்லைன்னு சொன்னா பொய்க்கா. இருக்கு. ஆனா நீங்க வந்துட்டீங்க. அது பாதியைக் குறைச்சிடுச்சு." பிறகு தொட்டியைக் காட்டினாள். "சும்மா நிக்காதீங்க. மீதிப் பாதிக்கு, கையைக் கழுவிட்டு இந்த மாவை அடிங்க."

ஒரு மணி நேரம் அடித்தேன். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. வீட்டுக்கு நடந்தபோது புகையில் கண் எரிந்தது, கால் ஒன்றோடொன்று பின்னியது. தெருமுனையில் தையல்கார அக்கா என்னைத் தாண்டிப் போனாள். இரண்டடி போய் நின்றாள். மூக்கைச் சுளித்தாள். திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கக்கா போயிட்டு வர்றீங்க?" என்றாள், மிகவும் அன்பாக.

அந்த வாரத்தில் ஒரு நாள் ரொட்டிக்காரம்மா நாலாவது தடவையாகக் குறிப்பம்மா வீட்டு வாசலுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அன்று உள்ளே வேறு யாரும் இல்லை. கதவு திறந்தது, கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையில்லை என்று சொன்னால் ஆண்டவர் சிரிப்பார். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து கூடையோடு போனேன். நாலாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். கிண்ணம் காலி. அடியில் சிவப்பாக ஒரு கோடு மட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். பிறகு மற்ற பெஞ்சுகளுக்குப் போனேன்.

வேறொரு பெஞ்சில் ஒரு கிண்ணம் நிரம்பியே இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு அப்பம், கடிக்காமல்.

எந்த பெஞ்சு, எந்த ஓரம் என்று எனக்குத் தெரியும். சுவரோரத்துச் செடியின் அடியில் ஊற்றினேன். கழுவினேன், துடைத்தேன், மற்றவற்றோடு சேர்த்து அலமாரியில் அடுக்கினேன். அடுக்கிய பிறகு எது அது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கூடினோம். டீ வந்தது, ரொட்டி வந்தது. மருந்துக்கடைக்கார அம்மா ரொட்டியை முக்கி வாயில் போட்டுக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"என்னக்கா, இந்த மாசம் கிண்ணமெல்லாம் காலியாத்தானே வந்துச்சு? யாரையும் குறை சொல்லல, ஜெபத்துக்காகத்தான் கேக்குறேன்."

நாற்காலிகள் ஒரு சாண் முன்னால் நகர்கிற சத்தம் கேட்டது. குறிப்பம்மாவின் நாற்காலி மட்டும் நகரவில்லை. அவர் மடியில் நோட்டு இருந்தது. ரப்பர் வளையம் அதன்மேல் இருந்தபடியே இருந்தது.

"கழுவி வச்சாச்சு" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."